அவ பக்கம்

அந்தப் பையில இருக்கறது லேப்டாப்புதானே தம்பி? மடியிலயே வெச்சுக்கங்க. மேல போட்டீங்கன்னா தாங்காது. வேதாரண்யத்துலேர்ந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் ரோடு இப்படித்தான் தூக்கித் தூக்கிப் போடும். கம்ப்யூட்டர் வேலையா? அப்படியா. நெனச்சேன். பாத்தாலே தெரிஞ்சுடும் எனக்கு.

நான் நீடாமங்கலம். பத்திரம் எழுதறவன். பத்திரம் கோவிந்தராசுன்னு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவாங்க. கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, எல்லாம் எழுதுவேன். ஜனங்க வந்து உக்காந்து பாதி சொல்றதுக்குள்ள மீதியை நானே எழுதி முடிச்சுடுவேன். படிச்சுக் காட்டினா, 'ஆமாங்க, இதைத்தான் சொல்ல வந்தேன்'னு கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. மனுஷன் மனசுல என்ன இருக்குன்னு மூஞ்சியைப் பாத்தே சொல்லிடலாம் தம்பி. அது ஒரு பழக்கம்தான்.

ஒண்ணு கேக்கறேன், நீங்க அந்த வேலையில இருக்கறதால. ஒரே மிஷின்ல ரெண்டு சிஸ்டம் போட்டு வெச்சிருக்கு. ஒரு பக்கத்தைப் புதுசாக்கினா இன்னொரு பக்கம் ஏன் ஊமையாப் போவணும்? யாரு தப்பு அது? என் தப்புன்னு எம் பையன் நெனைக்கறான். வாயைத் தொறந்து சொல்லல. ஆனா எனக்குத் தெரியும்.

இருங்க, இருங்க, அதுக்குள்ள பதில் சொல்லாதீங்க. மொதல்லேர்ந்து சொல்லிடறேன்.

என் வீட்டுக்காரி பேரு செங்கமலம். பொறந்தது இந்த வேதாரண்யம்தான். இப்ப இல்ல. புரட்டாசியில போயிட்டா.

அவளுக்கு வந்தது ஒரு நரம்பு வியாதி. மொதல்ல நாக்குல ஆரம்பிச்சுது. பேச்சு குழறுச்சு. 'வாயில சோத்தை வெச்சுக்கிட்டா பேசறே'ன்னு நான்கூட அதட்டினேன். அப்புறம் கை. டம்ளர் நழுவும், துணி பிழிய முடியாது. தஞ்சாவூர்ல பாத்து, மெட்ராஸ்ல பாத்து, மோட்டார் நியூரான்னு பேரு சொன்னாங்க. மருந்து கிடையாதாம். ஒவ்வொரு தசையா நின்னுக்கிட்டே வருமாம். புத்தி மட்டும் கடைசி வரைக்கும் தெளிவா இருக்கும்னார் டாக்டர். சொல்லிட்டு, 'அதுதான் கஷ்டம்'னும் அவரே சொன்னார். கொஞ்ச நாள்ல பேச்சு சுத்தமா நின்னு போச்சு. கட்டில்ல சாய்ச்சு உக்கார வெச்சா அப்படியே உக்காந்திருப்பா. கண்ணு அசையும். இடது கை கட்டைவிரல் அசையும். ஊட்டினா வாயைத் தொறப்பா, முழுங்குவா. அவ்வளவுதான்.

எம் பையன் மதியழகன் பின்லாந்துல இருக்கான். ஒரே பிள்ளை. அவன் லீவு போட்டுட்டு ஓடி வந்தான். ஒரு பட்டன் வாங்கிட்டு வந்து அவ கட்டைவிரலுக்கு அடியில வெச்சுக் கட்டினான். திரையில எழுத்தெல்லாம் வரிசை வரிசையா நிக்கும், ஒவ்வொரு வரிசை மேலயும் வெளிச்சம் மாறி மாறி ஓடும். வேண்டிய வரிசை வந்ததும் ஒரு அமுக்கு. வேண்டிய எழுத்து வந்ததும் ஒரு அமுக்கு. எழுதி முடிச்சதும் மிஷின் அதை வாய்விட்டுச் சொல்லும். பொம்பளைக் குரல்தான். ஆனா ரயில் எந்த பிளாட்பாரத்துல வருதுன்னு சொல்றாப்பல இருக்கும். எனக்கு அது புடிக்கவே இல்ல தம்பி. செங்கமலத்தோட குரல் அப்படி இருக்காது. மெதுவா, பாதியில நின்னுடறாப்பல இருக்கும்.

அந்த ஏற்பாடு லினக்ஸ்னு வேற ஒரு சிஸ்டத்துலதான் தோதா வந்துச்சாம். எனக்கோ பத்திரம் அடிக்க என் பழைய சிஸ்டம்தான் வேணும், நான் பழகின எழுத்தெல்லாம் அதுலதான் இருக்கு. மதி சொன்னான், 'அம்மாவுக்குத் தனியா ஒரு மிஷின் வாங்கி வெச்சுடறேம்ப்பா'ன்னு. நான்தான், 'ஒரு வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு? ஒண்ணுலயே ரெண்டும் போடலாம்னு நீயே சொல்றியே, போடு'ன்னேன். சரிதானே? அப்படித்தான் ரெண்டு பக்கம் ஆச்சு. ஸ்விட்சைப் போட்டதும் எந்தப் பக்கம் போவணும்னு கேக்கும். மேல இருக்கறது என் பக்கம். கீழ இருக்கறது அவ பக்கம்.

காலைல எனக்கு. முன்ரூம்ல மேஜை போட்டு அங்கதான் என் வேலை. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் தூக்கிக்கிட்டுப் போய், அவ பக்கத்தைத் தொறந்து, அவகிட்ட வெச்சுடுவேன். அப்புறம் தூங்கப் போற வரைக்கும் அவளுக்குத்தான். முகூர்த்த நாள்ல மட்டும் கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும். காலைல அவளுக்குப் பேச என்ன இருக்கு சொல்லுங்க? குளிப்பாட்ட ஒரு அம்மா வருவாங்க, கஞ்சி ஊட்டுவாங்க, அவ தூங்குவா.

மொத நாள் மதி அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு, 'ஏதாவது பேசும்மா'ன்னான். ரொம்ப நேரம் அமுக்கினா. மிஷின், 'மதி நீ எளச்சுட்ட'ன்னுச்சு. அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போயிட்டான். அப்புறம் என்னைப் பாத்தா. எங்கிட்ட என்ன சொல்லப் போறாளோன்னு நான் காத்துக்கிட்டு நிக்கறேன். 'டிவி சத்தம் குறைங்க'ன்னுச்சு.

கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த டிவி அந்தச் சத்தத்துலதான் ஓடுது தம்பி. ஒரு நாள் சொன்னது கிடையாது. அவளுக்கும் புடிக்கும்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். மிஷின் வந்ததும் இப்படிச் சின்னச் சின்னதா நெறையச் சொல்ல ஆரம்பிச்சா. ஜன்னலைத் தொறங்க. ஜன்னலை மூடுங்க. அந்தப் பச்சைப் புடவையைப் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் குடுங்க. நான் பாசமா எடுத்துக் குடுத்த புடவை அது.

ஒரு வாக்கியம் முடிக்க அத்தனை நேரம் ஆகுமா, எனக்குப் பொறுக்காது. அவ ரெண்டு எழுத்து அமுக்கினா நான் புரிஞ்சுக்குவேன். ஒரு நாள் 'மோ'ன்னு போட்டா. உடனே போய் மோர் கொண்டாந்து வாயில ஊத்தினேன். குடிச்சா. குடிச்சிட்டு மறுபடியும் அமுக்கறா. 'மோட்டார் நிறுத்துங்க.' டேங்க் ரொம்பி மாடியெல்லாம் தண்ணி. அது ஒரு தடவைதான். மத்தபடி நான் சொன்னதெல்லாம் சரியாத்தான் இருக்கும்.

இப்ப, ரஞ்சிதத்தைப் பத்திச் சொல்லணும். செங்கமலத்தோட தங்கச்சி. வேதாரண்யத்துல கட்டிக் குடுத்தது, இப்ப அவ வீட்டுலேர்ந்துதான் வர்றேன். அவளுக்கும் எனக்கும் ரொம்ப வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன்னு கேளுங்க. என் மாமனார் செத்த கருமாதி அன்னிக்கு எல்லாரும் உக்காந்து பேசறோம், மாமியார் இனிமே யார் வீட்டுல இருக்கறதுன்னு. இவ செங்கமலத்தைப் பாத்து, 'அக்கா, உன் வீட்டுல கொஞ்ச நாள் வெச்சுக்கறியா?'ன்னு கேட்டா. 'எங்களுக்குத் தோதுப்படாதும்மா'ன்னு நான் சொன்னேன். இதுல என்ன தப்பு? அவ எல்லார் முன்னாலயும் சொல்றா, 'அத்தான், நான் அக்காவைக் கேட்டேன். அக்கா சொல்லட்டும்.'

கூட்டமே என்னைப் பாக்குது. செங்கமலத்துக்கு நாலு பேர் நடுவுல பேச வராது தம்பி, அதனாலதான் நான் பேசினேன். இத்தனை வருஷமும் அவளுக்காக நான்தான் பேசியிருக்கேன், பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரியில, எல்லா இடத்துலயும். நான் எழுந்தேன். 'கெளம்பு'ன்னேன். இலை போட்டு வெச்சிருந்தது, சாப்பிடாம பஸ் ஏறிட்டோம். அதோட சரி. அவ எங்க வீட்டுக்கு வந்ததில்ல, நாங்க போனதில்ல. மாமியார் சாவுக்கு மட்டும் போய்த் தலையைக் காட்டிட்டு வந்தோம். நான் வெளில போன நேரத்துல அக்காவும் தங்கச்சியும் போன்ல பேசிக்குவாங்கன்னு நெனைக்கறேன். நான் கேட்டுக்கல. அதுல நான் தாராளம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ஆவணி பொறந்த சமயம். என் பக்கத்துல தினமும் ஒரு செய்தி வரும், புது சிஸ்டம் வந்திருக்கு, மாத்திக்கறீங்களான்னு. எத்தனை நாள் 'அப்புறம்', 'அப்புறம்'னு தள்றது? ஒரு நாள் காலைல 'சரி'ன்னு அமுக்கிட்டேன். மத்தியானம் வரைக்கும் ஓடிச்சு. முடிஞ்சு தொறந்தா, அடேயப்பா, திரையெல்லாம் பளபளன்னு இருக்கு. சாப்பாடு முடிச்சு அவகிட்ட எடுத்துட்டுப் போய் ஸ்விட்சைப் போட்டா, எந்தப் பக்கம்னு கேக்கவே இல்ல. நேரா என் பக்கம் போயிடுச்சு. அணைச்சுப் போட்டேன். மறுபடியும் என் பக்கம். அவ கட்டைவிரலை வெச்சுக்கிட்டுத் தயாரா பாத்துக்கிட்டிருக்கா.

மதிக்குப் போன் போட்டேன். 'அப்பா, அதை மட்டும் அமுக்காதீங்கன்னு சொன்னேனேப்பா'ன்னான். சொன்னானான்னு எனக்கு ஞாபகம் இல்ல. அப்புறம் ஸ்விட்சைப் போட்டதும் ஒரு பொத்தானை அமுக்கச் சொல்லி, உள்ள ஒரு நீலத் திரை வந்து, அதுல வரிசையை மாத்தினோம். மறுபடியும் ரெண்டு பக்கமும் வந்துச்சு. அவ பக்கம் தொறந்தும் தொறந்துச்சு. ஆனா பட்டனை அமுக்கினா கேக்கல. சத்தம் வரல. நெட்டும் இல்ல. எழுத்து மேல வெளிச்சம் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு, அவளால நிறுத்த முடியல.

'டிரைவர் எல்லாம் அப்டேட் பண்ணணும்ப்பா'ன்னான். 'காரே இல்லாத வீட்டுல என்னடா டிரைவரு'ன்னேன். அவன் சிரிக்கல.

அவன் சொன்ன விளக்கம் என்னன்னா, நீங்கதான் சொல்லணும், இது நெசமான்னு. புதுசா மாறினதுலேர்ந்து என் பக்கம் முழுசா அணையறதே இல்லையாம். நான் அணைச்சாலும் அரைத் தூக்கத்துல இருக்காம். ஸ்பீக்கரையும் நெட்டையும் பட்டனையும் கையில புடிச்சு வெச்சுக்கிட்டே தூங்குதாம். 'அது விட்டாத்தான்ப்பா அம்மா பக்கத்துக்குக் கிடைக்கும்'னான். என் பக்கத்துல ஒரு டிக் இருக்கு, அதை எடுக்கணும். எடுத்துட்டு, செல்போனைக் கேபிள்ல சொருகி, அந்த நெட்டுல அவ பக்கத்துக்குப் புது டிரைவர்களை, அதாவது பட்டனையும் ஸ்பீக்கரையும் ஓட்டற புரோகிராமை, எறக்கணும். 'ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கப்பா. எப்பக் கூப்பிட்டாலும் நான் லீவு போட்டுட்டுக் கூட இருக்கேன்'னான்.

ஒதுக்கறதா? ஆவணி தம்பி. வளர்பிறை முகூர்த்தம் வரிசையா நிக்குது. கல்யாணம், கிரகப்பிரவேசம், அதை ஒட்டிக் கிரயம். வாசல்ல செருப்பு வைக்க எடமில்ல. என் பக்கம் நல்லா ஓடுது, சத்தமும் வருது, வேலை செஞ்சுக்கிட்டே பாட்டுக்கூடக் கேக்கறேன். இன்னொண்ணு, அந்த டிக்கை எடுத்துட்டா என் பக்கம் தொறக்க நேரமாகுமாம். காலைல ஆளுங்க வந்து காத்துக்கிட்டிருக்கும்போது அது சரிப்படுமா? முகூர்த்தம் முடியட்டும்னேன்.

மதி தினம் கூப்பிடுவான். 'செஞ்சீங்களாப்பா?' 'நாளைக்குடா.' 'அப்பா, அம்மாவால எதுவும் சொல்ல முடியாதுப்பா.' 'எனக்குத் தெரியாதாடா அவளுக்கு என்ன வேணும்னு?' சண்டைதான். அப்புறம் அவனே சொன்னான், அதுவரைக்கும் கேள்வியாக் கேளுங்க, ஆமான்னா அம்மா கண்ணை மூடட்டும், இல்லன்னா தொறந்தே வெச்சிருக்கட்டும்னு. அது நல்லா வேலை செஞ்சுது. காப்பி வேணுமா? மூடுவா. வலிக்குதா? தொறந்திருக்கும். தூங்கறியா? மூடுவா. இதுக்கு மேல என்ன பேச்சு வேணும் ஒரு நோயாளிக்கு? உண்மையைச் சொல்லணும்னா, வீடு பழையபடி ஆன மாதிரி இருந்துச்சு. நான் பேசுவேன், அவ கேப்பா. பத்திரம் எழுத வந்தவங்க கதையெல்லாம் பக்கத்துல உக்காந்து சொல்லுவேன். நிம்மதியா இருந்துச்சு தம்பி. அவளுக்கும்தான்.

அப்ப ஒரு நாள் ரஞ்சிதம் வந்து நிக்கறா. வெளிக் கேட் வாசல்ல. கையில ஒரு கூடை. மதி சொல்லியிருக்கான், அம்மா மிஷின் பேசலன்னு. மிஷின் குரல்லயாவது பேசிக்கிட்டிருந்த அக்கா போன்ல வரலையேன்னு பதறிப் போய் பஸ் ஏறிட்டா போலிருக்கு. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு, எனக்குச் சட்டுனு அடையாளமே தெரியல.

'அக்காவைப் பாக்கணும் அத்தான்.'

நான் மரியாதையாத்தான் சொன்னேன். 'இரு, அவளைக் கேட்டுட்டு வர்றேன்.' யாரு கேப்பா இப்படி? வேற ஒருத்தனா இருந்தா கேக்காமலே தொரத்தியிருப்பான். உள்ள போனேன். 'செங்கமலம், ரஞ்சிதம் வந்திருக்கா. பாக்கறியா?'

பொலபொலன்னு கண்ணீர். அப்படி ஒரு அழுகை. துடைக்கக்கூடக் கை வராது பாருங்க, காது வரைக்கும் ஓடுது. கண்ணை மூடினாளான்னு கேக்கறீங்களா? மூடினா. இறுக்கி மூடினா, தொறந்தா, மறுபடியும் மூடினா. அழுவும்போது கண்ணு மூடத்தான் செய்யும் தம்பி, அதைக் கணக்குல எடுத்துக்க முடியுமா? எனக்குப் புரிஞ்சு போச்சு. இந்தக் கோலத்துல, எச்சில் வழிய, கூடப் பொறந்தவ தன்னைப் பாக்கறதை அவ விரும்பல. துடைச்சுவிட்டேன். 'அழாதே, நான் பாத்துக்கறேன்'னேன். தொண்டையில ஏதோ சத்தம் போட்டா.

வெளில வந்து, 'அவளுக்கு இப்ப யாரையும் பாக்க இஷ்டமில்லையாம்'னு சொன்னேன்.

'சொன்னாளா?'ன்னு கேட்டா.

'சொன்னா.'

'மிஷின்தான் பேசலையே அத்தான். எப்படிச் சொன்னா?'

'எனக்குத் தெரியும் ரஞ்சிதம்.'

என் தோளுக்கு மேல எட்டி உள்ள பாத்தா. 'அக்கா'ன்னு ஒரு தடவை சத்தமாக் கூப்பிட்டா. அப்புறம் கூடையை வெளிக் கேட் தூண் மேல வெச்சுட்டு, திரும்பிப் பாக்காம பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துட்டா. கூடையில முருங்கைக்காயும் மாங்காய் வத்தலும் இருந்துச்சு. நல்ல காய். குளிப்பாட்டற அம்மாகிட்டக் குழம்பு வெக்கச் சொன்னேன்.

அன்னிக்குச் சாயங்காலத்துலேர்ந்து செங்கமலம் வாயைத் தொறக்கல. கஞ்சி கொண்டு போனா பல்லைக் கடிச்சுக்கறா. வலிக்குதா? கண்ணு தொறந்திருக்கு. பசிக்கலையா? தொறந்திருக்கு. குளிப்பாட்டற அம்மாவும் கெஞ்சிப் பாத்தாங்க. மறுநாளும் அப்படியே. எனக்கு பயம் வந்துடுச்சு. நோய் தாடைக்கு ஏறிடுச்சு போலன்னு நெனச்சேன். மதிக்குச் சொன்னேன். அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, சித்தி வந்துட்டுப் போனதையும் கேட்டான். 'இப்ப மிஷின் முன்னால உக்காருங்கப்பா. இப்பவே'ன்னான். அந்தக் குரல்ல அவன் எங்கிட்டப் பேசினதே இல்ல. முன்ரூம்ல ஒரு கிரயப் பார்ட்டி உக்காந்திருந்தாங்க. நாளைக்கு வாங்கன்னு அனுப்பிச்சேன். அவளுக்காக.

அவ கட்டில் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்தேன். அந்த டிக்கை எடுத்தேன். என் பக்கத்தை அணைச்சேன், இந்தத் தடவை முழுசா அணைஞ்சுது. செல்போனைச் சொருகினேன். கறுப்புத் திரையில அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாத் தட்டினேன். தப்பாத் தட்டுவேன், அவன் பொறுமையாத் திரும்பச் சொல்லுவான். ஏதேதோ எறங்குது, கோடு கோடா ஓடுது. செங்கமலம் திரையையே பாத்துக்கிட்டிருக்கா. கண்ணைக் கொட்டல.

கடைசியா மதி, சத்தம் வருதான்னு சோதிக்க ஒண்ணை அமுக்கச் சொன்னான். ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷ்ல, 'ஃப்ரண்ட் லெஃப்ட்'னுச்சு. 'ஃப்ரண்ட் ரைட்'னுச்சு. அவ்வளவுதான். எனக்கு என்னவோ தெரியல தம்பி, கண்ணு கலங்கிடுச்சு.

பட்டனைக் கட்டிவிட்டேன். வெளிச்சம் ஓட ஆரம்பிச்சுது. கட்டைவிரல் முன்ன மாதிரி இல்ல. இத்தனை நாள் அமுக்காம இருந்ததுல வலு குறைஞ்சு போச்சோ என்னவோ, வரிசையைத் தவற விடுவா, மறுபடி சுத்தி வர்ற வரைக்கும் காத்திருப்பா. ரொம்ப நேரம் கழிச்சு 'ர'ன்னு ஒரு எழுத்து விழுந்துச்சு.

'ரசம் வேணுமா?'ன்னேன்.

போன்ல மதி, 'அப்பா, பேசாம இருங்க'ன்னான்.

பேசாம இருந்தேன். அவ முடிச்சா. மிஷின் சொல்லுச்சு, 'ரஞ்சிதம் எங்க.'

'வந்தா, போயிட்டா. நீதானே வேணாம்னே?'

மறுபடியும் வெளிச்சம் ஓடுது. 'எப்ப சொன்னேன்.'

'அழுதியேம்மா. நான் பாத்தேனே.'

அவ என்னைப் பாக்கவே இல்ல. திரையை மட்டும்தான் பாத்தா. 'கூப்பிடுங்க.' மதி அந்தப் பக்கம் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தான். ஏதாவது சொல்லுவான்னு பாத்தேன். 'வெச்சுடறேம்ப்பா'ன்னு மட்டும் சொன்னான்.

நானே போன் போட்டேன். என் கையால. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவ வீட்டுக்குப் போன் போட்டது நான்தான், அதை யாரும் சொல்ல மாட்டாங்க. ரஞ்சிதம் மறுநாளே வந்துட்டா. உள்ள போய் அக்கா கன்னத்துல கன்னத்தை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தா. நான் கட்டில் காலடியில நிக்கறேன். காப்பி போடச் சொல்லலாமா, வேண்டாமான்னு யோசிக்கறேன். அப்ப மிஷின் பேசுது.

'நீங்க வெளில இருங்க.'

என்னைத்தான்.

கூடத்துல உக்காந்தேன். ரஞ்சிதம் கதவைச் சாத்திட்டா. அந்த ரயில்வே ஸ்டேஷன் குரல் உள்ளேர்ந்து வருது, ஆனா என்ன சொல்லுதுன்னு புடிபடல. விட்டு விட்டு வருது. நடுவுல ரஞ்சிதம் ஏதோ சொல்றா. திடீர்னு ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. செங்கமலத்தோட சிரிப்பு அந்த நோய்ல ஒரு மாதிரி ஆயிடுச்சு, மூச்சு இழுக்கறாப்பல, விக்கறாப்பல இருக்கும். ஆனா சிரிப்புதான். வெளக்கு வெக்கற நேரம் வரைக்கும் கேட்டுச்சு. என் வீட்டுல, என் கூடத்துல, அந்நியன் மாதிரி உக்காந்திருந்தேன்.

ரஞ்சிதம் போன அப்புறம் கஞ்சி குடிச்சா. ஊட்டிக்கிட்டே, 'என்ன பேசினீங்க இத்தனை நேரம்?'னு கேட்டேன். யோசிச்சு, ஒவ்வொண்ணா அமுக்கி, 'சும்மா'ன்னா. 'சும்மான்னா?' பட்டனை விட்டுட்டா. கண்ணை மூடிக்கிட்டா.

அதுக்கப்புறம் ரஞ்சிதம் இன்னொரு தடவை வர்றதா இருந்தா. வர்றதுக்குள்ள நெஞ்சுல சளி கட்டிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்த மூணாம் நாள் காலைல போயிட்டா. காலைலங்கறதால மிஷின் என் மேஜைல இருந்துச்சு. ஒரு பாகப்பிரிவினை, அண்ணன் தம்பி நாலு பேர், ஆளாளுக்குக் கத்திக்கிட்டிருந்தாங்க. குளிப்பாட்டற அம்மா வந்துதான் பாத்தாங்க. கஷ்டப்படாமத்தான் போயிருப்பா. ஏதாவதுன்னா என்னைக் கூப்பிட்டிருப்பாளே.

மதி வந்து காரியமெல்லாம் செஞ்சான். அவ பக்கத்தை அழிச்சுடட்டுமா, இடம் மிச்சமாகும்னு அவனைக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டு உள்ள போயிட்டான். இப்பல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடறான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அவ்வளவுதான்.

வீட்டுல உக்காந்தா இது ஒண்ணுதான் மனசுல ஓடுது தம்பி. அன்னிக்கு அந்தக் கதவுக்குப் பின்னால என்னைப் பத்தி என்ன சொன்னா? குறைதான் சொல்லியிருப்பா. சொல்லட்டும், அவளுக்கு உரிமை இருக்கு. என்ன குறைன்னு தெரிஞ்சா போதும். டிவியா, புடவையா, அவ அம்மாவை வெச்சுக்காததா? அதான் இன்னிக்குக் கெளம்பி வந்தேன்.

ரஞ்சிதம் வாங்கன்னு கூப்பிட்டா. இலை போட்டா, சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிட்டுக் கேட்டேன். 'அன்னிக்கு என்னைப் பத்தி அவ என்ன சொன்னா? மறைக்காம சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.'

என்னை நிமிர்ந்து பாத்தா. 'உங்களைப் பத்தி ஒண்ணும் பேசல அத்தான்.'

'ஒண்ணுமா?'

'ஒண்ணும் இல்ல.'

'பின்ன அவ்வளவு நேரம் என்னதான் பேசினீங்க?'

அவளுக்குச் சிரிப்பும் வருது அழுகையும் வருது. சின்னப் பிள்ளையில ரெண்டு பேரும் அப்பாகிட்டச் சொல்லாம கோடியக்கரைக்குப் போயிட்டாங்களாம், கடல் பாக்க. அங்க காட்டுக் குதிரை திரியுமில்ல. செங்கமலம் கிட்டப் போய்த் தடவப் பாத்திருக்கா. அது தொரத்த ஆரம்பிச்சிடுச்சாம். செங்கமலம் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஊரே கேக்கறாப்பல கத்திக்கிட்டு ஓடினாளாம். இவ உப்பளத்துல விழுந்து உடம்பெல்லாம் உப்பாம். வீட்டுக்குப் போய், 'குதிரை எங்களைப் பாத்துப் பயந்து ஓடிடுச்சு'ன்னு செங்கமலம்தான் அப்பாகிட்ட அளந்தாளாம். மறுநாள் தெருவெல்லாம் கூட்டி நடிச்சுக் காட்டினாளாம். 'அக்கா வாயைத் தொறந்தா நிறுத்த மாட்டா அத்தான், வீட்டுல வாயாடின்னுதான் அவளைக் கூப்பிடுவாங்க'ன்னா. அதைத்தான் ரெண்டு பேரும் அன்னிக்கு மாத்தி மாத்திச் சொல்லிச் சிரிச்சாங்களாம்.

செங்கமலம். வாயாடி.

நம்பற மாதிரியா இருக்கு? எங்கூட இருந்த செங்கமலம் அப்படி இல்ல. இத்தனை வருஷத்துல குதிரைன்னு ஒரு வார்த்தை அவ வாயிலேர்ந்து வந்ததில்ல. அடுத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு ரஞ்சிதம் மறைக்கறா, அப்படித்தான் இருக்கணும். ஒவ்வொரு எழுத்துக்கும் அந்தப் பாடுபட்டு, மூச்சு வாங்கி, என்னை வெளில அனுப்பிட்டு, ஒரு குதிரையைப் பத்தியா பேசுவா?

பஸ்ஸு வர்ற வரைக்கும் எங்கூட வந்து நின்னா ரஞ்சிதம். ஏதாவது கேப்பேன்னு பாத்தாளோ என்னவோ. நான் எதுவும் கேக்கல. ஏறி உக்காந்து, கரியாப்பட்டினம் தாண்டினதுக்கு அப்புறம்தான் மண்டையில ஏறுது.

அந்தக் குதிரை என்ன நெறம்னாவது கேட்டிருக்கலாம் தம்பி.